தம்பிக்கென்று வாங்கிய சப்பாத்து

எங்கள் வீட்டு வாசலில் எப்போதும் நான்கு சோடிச் சப்பாத்துகள் இருக்கும். வீட்டில் இருந்ததோ அம்மா, நான், தம்பி என்று மூன்றே பேர். நான்காவது சோடி கறுப்பு நிறம், கயிறு கட்டுவது, பெரிய ஆட்களின் நாற்பத்து நான்காம் இலக்கம். அது தம்பியுடையது என்று நான் நம்பியிருந்தேன். தம்பிக்கு அப்போது நான்கு வயது.

நம்பாமல் இருக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. அம்மா எங்களுக்கு எதை வாங்கினாலும் இரண்டு அளவு பெரிதாகத்தான் வாங்குவார். என் குளிரங்கி முழங்காலைத் தாண்டித் தொங்கும். கேட்டால், "வளருவாய்தானே" என்பார். ஆகவே ஒரு மாரிகாலத்தில் மாதா கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் நடந்த பழைய சாமான் விற்பனையில் அம்மா அந்தச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, இந்த முறை கொஞ்சம் அதிகமாகவே முன்யோசித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அதற்கு முந்திய கிழமை ஒரு பின்னேரம், யாரோ ஓர் ஆள் எங்கள் கதவைத் தட்டோ தட்டென்று தட்டித் திறக்கச் சொல்லிக் கத்தினான். அம்மா எங்களைக் குளியலறைக்குள் கொண்டுபோய் உள்ளே பூட்டிக்கொண்டு இருந்தார். அந்த ஆளையும் இந்தச் சப்பாத்தையும் நான் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. அப்பா அதற்கு முதலே எங்களை விட்டு ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். அவரைப் பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை.

எனக்கு ஒன்பது வயதானபோது, பார்க் எக்ஸ்டென்சன் பகுதியில் நாங்கள் இருந்த கட்டடம் கைமாறியது. புது முதலாளி எல்லோரையும் யூலை முதலாம் திகதிக்குள் வீட்டை விட்டு எழும்பச் சொன்னார். மொன்றியலில் பாதிச் சனம் அந்த ஒரே நாளில்தான் வீடு மாறும். அதே வசந்தத்தில் அம்மாவுக்கு ஒரு கடிதமும் வந்தது. அம்மா வருடக்கணக்காகக் காத்திருந்த கடிதம். வீட்டு வாடகையில் ஒரு பங்கை அம்மா கட்டினால் போதும், மிச்சத்தை அரசாங்கம் கட்டும். ஆனால் வீட்டை நாங்களே தேடிப் பிடிக்கவேண்டும், அதன் உரிமையாளர் கடிதத்தோடு வந்த தாளில் கையெழுத்து வைக்கவேண்டும். குடும்பத்தில் மூன்று பேர் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு புதன்கிழமையின் திகதியும் எழுதியிருந்தது. அதற்குள் கையெழுத்து விழாவிட்டால் கடிதம் செல்லாது, எங்கள் இடம் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும்.

அம்மா டோர்வலில் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் அறைகள் துப்புரவாக்கினார். அவருக்குத் தமிழும் கொஞ்ச ஆங்கிலமும் தெரியும். பிரெஞ்சுக்கு நான்தான். பள்ளிக்கூடம் விட்டதும் தம்பியை நடுவில் பிடித்துக்கொண்டு பக்கத்துப் பகுதியான வில்லரேயின் தெருக்களில் யன்னல் யன்னலாகப் பார்த்துக்கொண்டு போவோம். அந்த ஊரில் வீடுகளுக்கு அரைக்கணக்கு: மூன்றரை, நாலரை என்பார்கள். அந்த அரை என்பது குளியலறை. எங்களுக்கு வேண்டியது ஒரு நாலரை. யன்னலில் தொங்கும் வாடகை அறிவித்தலின் இலக்கத்துக்கு நான் போன் எடுப்பேன். எல்லாம் நன்றாகத்தான் போகும். கடிதம் என்று நான் வாய் திறந்ததும் அந்த வீடு அந்த நொடியே வேறு யாருக்கோ வாடகைக்குப் போய்விடும். அடுத்த நாள் பார்த்தால் அறிவித்தல் அதே யன்னலில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். அம்மா சோற்றைப் பிசைந்தபடி சாப்பிட மறந்து இருப்பார். புதன்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று நான் விரல் விட்டு எண்ணுவேன்.

கடைசியில் ஒருவர் கடிதத்தை வாங்கிப் படித்தார். இத்தாலியிலிருந்து வந்த ஒரு பெண்மணி, அறுபதைத் தாண்டியவர். நாங்கள் அவரை மதாம் என்றே அழைத்தோம். கீழ் வீட்டில் தனியாக இருந்தார், மேல் வீடு காலி. கதவில் நின்றபடியே கண்ணாடியை மாட்டிக் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். மூன்று பேர்தானா என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார். பிறகு ஒரு நீளக் கதை சொன்னார். முன்பு இருந்தவர்கள் இரண்டு பேர் என்று சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டு ஏழு பேராக வந்து, நிலப்பலகையையும் தண்ணீர்க் குழாயையும் நாசமாக்கிவிட்டார்களாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, நாங்கள் வீட்டை எப்படி வைத்திருக்கிறோம் என்று பார்த்துத்தான் முடிவு சொல்வார்.

நான் அம்மாவிடம் கடைசி வசனத்தை மட்டும் சொன்னேன். ஏழு பேர் கதையை அவருடைய சொந்தப் புலம்பல் என்று விட்டுவிட்டேன். கால் வேறு உளைந்தது.

அம்மா தன் அண்ணனுக்கு, என் மாமாவுக்கு, போன் எடுத்து ஆலோசனை கேட்டார். மாமாவிடம் ஆலோசனை கேட்டால் ஆலோசனையோடு மாமாவும் வருவார். அவரும் டோர்வலில்தான், விமானங்களில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை.

"அவ வீட்டைப் பாக்க வரேல்லைத் தங்கச்சி, ஆக்களைப் பாக்க வாறா" என்றார் மாமா. "தனிச்ச பொம்பிளை எண்டு தெரிஞ்சா ஆர் வீடு குடுப்பினம்? பின்னால நிக்க நாலு சனம் இருக்கெண்டு காட்டவேணும். நீ பேசாமல் இரு, நான் பாக்கிறன்."

எங்கள் ஆட்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பெண்ணைவிடச் சுற்றத்தைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். அந்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்த கையோடு மாமா படை திரட்டிவிட்டார். மாமா, மாமி, அவர்களின் மூன்று பிள்ளைகள், செபக்குழு நடத்தும் ஒரு கணவன் மனைவி, மாமாவோடு பெட்டி தூக்கும் நான்கு வாட்டசாட்டமான ஆண்கள். கோயிலிலிருந்து இரவலாகக் கதிரைகள் வந்தன. மாமி ரோல்ஸ் பொரித்தார், கேக் வெட்டி வைத்தார். அம்மா கலியாணத்துக்கு வாங்கிய சேலையைக் கட்டினார். வந்தவர்கள் எல்லோரும் முறைப்படி சப்பாத்தைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து, சுவரோரமாக வரிசையாக இருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த ஏழு பேர் கதை நினைவுக்கு வந்தது. சொல்லவேண்டும் என்று குசினிக்கு ஓடினேன். அம்மா தேநீர்க் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அம்மா" என்றேன். "பேந்து, பேந்து சொல்லு" என்றார். அழைப்புமணி அடித்தது.

மதாம் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று கீழே பார்த்தார். கதவடியில் ஆரம்பித்துப் படிக்கட்டின் முதல் மூன்று படிகள் வரைக்கும் சப்பாத்துகள். ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு சோடியாக எண்ணினார். பிறகு நிமிர்ந்து சுவரோரம் இருந்தவர்களைப் பார்த்தார். மாமா எழுந்து கைகூப்பினார். பெட்டி தூக்கும் நால்வரும் ஒரேயடியாக எழுந்து கைகூப்பினார்கள்.

கடிதத்தில் மூன்று பேர், இங்கே பதினைந்து சோடி என்றார் மதாம். குரலை உயர்த்தவில்லை. கைப்பையைத் திரும்பவும் தோளில் மாட்டினார்.

நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்: பதினைந்து சோடியையும், அந்த ஏழு பேரையும், நாசமான நிலப்பலகையையும். அம்மாவின் முகத்தில் இரத்தம் இல்லை. மாமா மட்டும் தளரவில்லை.

"நாங்கள் எல்லாரும் எப்பவும் உங்களோட நிப்பம் எண்டு சொல்லு பிள்ளை" என்றார்.

மாமாவின் சொல்லை நான் என்றும் தட்டியதில்லை. இவர்கள் எல்லோரும் எப்போதும் எங்களோடு இருப்பார்கள் என்று மதாமுக்குச் சொன்னேன். மதாம் படியிறங்கத் திரும்பினார்.

"அண்ணை, எல்லாரும் போங்கோ" என்றார் அம்மா. "இப்பவே போங்கோ. குறை நினையாதேங்கோ."

வீட்டுக்கு வந்தவர்களைப் போகச் சொல்லி அம்மா வாய் திறந்ததை அதற்கு முன்பும் நான் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. மாமியின் கையில் கடித்த ரோல்ஸ் பாதி இருந்தது.  ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து, குனிந்து தங்கள் சப்பாத்தைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். மதாம் சுவரோடு ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மாமா கடைசியாகப் போனார். கயிறு கட்ட அவருக்கு வெகுநேரம் எடுத்தது. எனக்கு அழுகை வந்தது, மாமாவுக்காகவா வீட்டுக்காகவா என்று தெரியவில்லை.

வாசலில் நான்கு சோடி மிஞ்சியது. மதாமின் விரல் அந்தக் கறுப்புச் சோடியில் வந்து நின்றது. இது யாருடையது?

அம்மாவுக்கு மொழி தேவைப்படவில்லை, விரலைப் பார்த்தே விளங்கிவிட்டது. என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன். அது தம்பியுடையது, கோயில் விற்பனையில் அம்மா வாங்கினார், அவன் வளர்ந்ததும் போடுவான் என்றேன். ஆதாரத்துக்குத் தம்பியை இழுத்து வந்து மதாமின் முன்னால் நிறுத்தினேன்.

மதாம் தம்பியின் காலைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார். பிறகு கதவுக்கு உட்புறம் அம்மா பொருத்தியிருந்த மூன்று தாழ்ப்பாள்களையும் பார்த்தார். கடைசியில் அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு நேரமும் அழாதவருக்கு அப்போதுதான் கண் நிறைந்தது. நான் உண்மையைத்தானே சொன்னேன், இதில் அழ என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

அம்மா இந்தச் சப்பாத்தை ஒரே இடத்தில்தான் வைப்பாரா என்று மதாம் என்னிடம் கேட்டார். நான் அம்மாவிடம் கேட்டேன்.

"இடைக்கிடை மாத்தி வைப்பன் எண்டு சொல்லு" என்றார் அம்மா, மெல்ல.

மதாம் தலையை ஆட்டினார். தன் சப்பாத்தைக் கழற்றி அந்த நான்கோடு சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தார். குசினியை எட்டியும் பார்க்கவில்லை. மேசையில் இருந்து தாளையும் பேனாவையும் தரச் சொல்லி, கையெழுத்து வைத்து, மாமியின் ரோல்ஸில் இரண்டு சாப்பிட்டார். புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. நான்கு வயதுப் பிள்ளைக்கே இப்போதே சப்பாத்து வாங்கி வைக்கிற சிக்கனமான குடும்பம் வீட்டையும் கவனமாகப் பார்த்துக்கொள்ளும் என்று மதாம் நினைத்திருக்கவேண்டும். அந்த நாலரை எங்களுக்கு என்னால்தான் கிடைத்தது என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

யூலை முதலாம் திகதி மாமாவும் அந்த நால்வரும்தான் எங்கள் சாமான்களைத் தூக்கினார்கள். மாமா ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மாரி வந்தது. மதாமின் வாசலில் ஒரு சோடி பெரிய ஆண் பூட்ஸ் நின்றது. அவருடைய கணவர் இறந்து பல வருடங்கள் என்று எங்களுக்குத் தெரியும், படத்துக்கு முன்னால் விளக்கு எரியும். ஒரு காலை, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட நான் மேலிருந்து பார்த்தேன். புதுப் பனி. மதாம் அந்த பூட்ஸுக்குள் கைகளை விட்டுக் குனிந்து, தெருவிலிருந்து கதவுவரை இடது, வலது, இடது என்று பனியில் தடம் விழ அமுக்கிக்கொண்டு வந்தார். பிறகு அதைப் பழைய இடத்தில் ஈரத்தோடு வைத்துவிட்டு உள்ளே போனார். நான் திரும்ப ஓடிப்போய் அம்மாவிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன். மதாமுக்கு மூளை பிசகிவிட்டது என்றேன்.

அம்மா சிரிக்கவில்லை. அடுத்த பனி கொட்டிய காலையில் தம்பியின் கறுப்புச் சப்பாத்தை எடுத்துக்கொண்டு வெளிப்படிக்குப் போனார். கைகளை உள்ளே விட்டு, ஒவ்வொரு படியாக அமுக்கத் தொடங்கினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"அம்மா, தம்பி போடுறதுக்கு முதலே பழுதாப் போயிடும்!" என்று கத்தினேன்.

"அவன் வளருமட்டுந்தான் பிள்ளை" என்றார் அம்மா, நிமிராமல்.

நானும் அதைத்தானே சொல்கிறேன் என்று முறைத்துக்கொண்டு, தம்பியின் கையைப் பிடித்து இழுத்தபடி பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.