தங்கை வைத்த கொலுவின் ஐந்தாம் படி

இந்த நினைவு மலரில் எழுதியிருக்கும் எல்லோரும் என் தங்கையை ‘அவர்’ என்று மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. இடுப்பில் தூக்கி வளர்த்தவளை ‘அவள்’ என்றுதான் எழுத முடியும். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நடுவில் வாய் திறந்து பழக்கமில்லை. முதல் வருஷத் திவசத்துக்கு மலர் போடுவதால், தங்கை மகன்தான், “பெரியம்மா, ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க, நல்லதா நாலு விஷயம்” என்று கேட்டான்.

நாங்கள் பிறந்தது தஞ்சாவூர் கீழவாசலில். அப்பாவுக்கு அரிசி மில்லில் வேலை. தங்கைக்கு மூன்று வயதில் அம்மா தவறிவிட்டார்கள். உலை வைக்க ஆள் வேண்டுமே என்று என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். அவள் படித்தாள். சரித்திரத்தில் பி.ஏ. வாங்கினாள். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அவளைப் புகழ்ந்துவிட்டு, நான் கொண்டுவந்து வைத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

கல்யாணமாகி அமெரிக்காவுக்கு, இந்த மில்பிடாஸ் ஊருக்கு வந்தாள். மகனுக்குப் பத்து வயதாகும்போது வீட்டுக்காரர் இறந்துபோனார். ஊருக்கே திரும்பிவிடு என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. வா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னவரும் இல்லை. வீட்டிலேயே டேகேர் நடத்தி மகனை இன்ஜினியர் ஆக்கினாள். நான் தனி ஆளான பிறகு என்னையும் ஸ்பான்சர் பண்ணி அழைத்துக்கொண்டாள்.

டேகேர் பிள்ளைகளுக்கு நாலு வயது, ஐந்து வயதுதான் இருக்கும். அவர்களுக்கு அமெரிக்காவின் சரித்திரத்தைச் சொல்லித் தருவதென்றால் அவளுக்கு உயிர். புத்தகத்தைத் தொட மாட்டாள். கராஜ் தரையில் சாக்பீஸால் பதிமூன்று கட்டம் போட்டுப் பாண்டி ஆட விடுவாள். இந்த நாடு ஆரம்பித்தபோது இருந்த பதிமூன்று மாநிலங்களாம் அவை. இன்னொரு நாள் ஒரு பிள்ளையை முக்காலியில் உட்காரவைத்து, சல்லடையைத் தலையில் கவிழ்த்து, லண்டன் ராஜா ஆக்குவாள். மற்றப் பிள்ளைகள் பிஸ்கெட் தின்னும்போதெல்லாம் ராஜாவுக்குப் பாதி வரி கட்ட வேண்டும். மூன்றாம் நாள் அவர்களுக்கே ரோஷம் வந்து, “நோ மோர், ஆன்ட்டி” என்று எழுந்து நிற்பார்கள். உடனே டீத்தூளைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுப்பாள். ராஜா வரி கேட்டதற்காக அந்தக் காலத்தில் டீப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்களாம். கொல்லையில் தண்ணீர் நிரப்பிய டப்தான் கடல். பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். துடைப்பதெல்லாம் நான்.

ஐந்து படி கொலுவும் அவளுக்கு ஒரு பாடம்தான். மேல்படியில் சாமி. அடுத்த படியில் மரப்பாச்சிக்குக் கோட்டு தைத்துப் போட்டு, தலையில் பஞ்சு ஒட்டி முதல் ஜனாதிபதி. அதன் கீழே கப்பல், அதன் கீழே கடைத்தெரு. ஐந்தாம் படியில், பஞ்சுக் காட்டில் குனிந்து நிற்கும் கறுப்பு மனிதர்கள், காலில் கறுப்பு நூலால் சங்கிலி. ஓரமாக, மூட்டை தூக்கிக்கொண்டு வெளியேறும் இந்த மண்ணின் பழைய ஜனங்கள். களிமண்ணில் அவளே செய்தவை.

“ஜனாதிபதி தலையில இருக்கற பஞ்சு எங்கேருந்து வந்துச்சு?” என்று கேட்பாள். பிள்ளைகள் படிப்படியாகத் தேடிக் கீழே வரும். கண்டுபிடித்த பிள்ளைக்கு முதல் சுண்டல்.

அவள் வைத்த கடைசிக் கொலுவில், மூன்றாம் நாள் வெற்றிலை பாக்குக்கு வந்த ஒரு தாயார் ஐந்தாம் படியைப் பார்த்து முகம் சுளித்தார். “நல்ல நாளும் அதுவுமா இப்படிக் கால்ல சங்கிலி போட்டு வைப்பாங்களா ஆன்ட்டி? எம்பொண்ணு வீட்டுக்கு வந்து அழறா.”

“அழுதாளா? நல்ல பொண்ணு” என்றாள் தங்கை.

மறுநாள் தங்கை மகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். அம்மாவிடம் சொன்னால் கேட்க மாட்டார்கள், நாலு பேரண்ட்ஸ் சேர்ந்து ஏதாவது ரிவ்யூ எழுதிவிட்டால் டேகேர் போய்விடும், நீங்களே எடுத்துவிடுங்கள் என்றான். ஒன்பது நாளும் முடியாமல் கொலுவைக் கலைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். இருந்தும், அவள் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் ஐந்தாம் படியைக் காலி செய்து பெட்டியில் போட்டேன். மகன் முறையில் இருப்பவன் சொல்லைத் தட்ட முடியவில்லை என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. அவள் படிப்பின் மேல் எனக்கு அறுபது வருஷமாக வயிற்றெரிச்சல் இருந்தது.

மறுநாள் பிள்ளைகள் பஞ்சைத் தேடிக் கீழ்ப்படிக்கு வந்தன. வெறும் துணிதான் விரித்திருந்தது. ஒரு குழந்தை யோசித்துவிட்டு, “ஃப்ரம் த ஸ்டோர்” என்றது. எல்லாம் சிரித்துக்கொண்டே சுண்டலுக்கு ஓடின.

தங்கை என்னைப் பார்த்தாள். “எடுத்துட்டியா அக்கா?” என்றாள். பிறகு, “அஞ்சாவதோட நிறுத்தப்பட்டவ நீ. உனக்காவது புரியும்னு நெனச்சேன்” என்றாள். அவ்வளவுதான். சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு பாண்டிக் கட்டமும் போடவில்லை. பொம்மைகளை எடுத்த பிறகும் அந்தத் தாயார் பிள்ளையை டேகேரிலிருந்து நிறுத்திக்கொண்டார்.

அடுத்து வந்த மார்ச் மாதம் அவளுக்கு ஸ்ட்ரோக் வந்தது. ஆஸ்பத்திரியில் எட்டு நாள். தப்புச் செய்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுப்பேன், யாராவது உள்ளே வருவார்கள், நான் நகர்ந்துகொள்வேன். கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டே அவளை அனுப்பிவைத்தேன்.

இப்போது இந்த மலரில் அந்தத் தாயாரும் எழுதியிருக்கிறார். குழந்தைகளுக்கு விளையாட்டாகவே சரித்திரம் புகட்டியவராம் என் தங்கை. பக்கத்தில் அந்தக் கொலுவின் படம். எண்ணிப் பாருங்கள், நாலு படிதான் இருக்கும். நாலு படியில் எந்த வீட்டிலாவது கொலு வைப்பார்களா? ஒற்றைப்படையில்தான் வைப்போம். காலியான ஐந்தாம் படி பார்க்க நன்றாயில்லை என்று வெட்டிவிட்டார்கள்.

நன்றி சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் பின்னாலேயே என்னைக் காரில் கூட்டிப்போன எதிர்வீட்டு மெக்சிகோக்கார அம்மாவுக்கு நன்றி. அவர் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவருக்குப் புரியாது. என்னோடு சேர்ந்து அழுதார். பதிமூன்று நாளும் சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கு நன்றி. நான் எழுதியதில் ஒரு வரியும் வெட்டாமல் போடுகிறேன் என்று சொன்ன தங்கை மகனுக்கும் நன்றி. அவன் தலை குனிந்துகொண்டுதான் சொன்னான்.

வருஷத் தீட்டு முடிந்துவிட்டது. பெட்டி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வருகிற நவராத்திரிக்கு நான் கொலு வைக்கிறேன், ஐந்து படி. கீழ்ப்படியிலிருந்து அடுக்கிக்கொண்டு போவேன். உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள். பஞ்சு எங்கேயிருந்து வந்தது என்று கேட்பேன். எனக்கு இங்கிலீஷ் வராது, தமிழில்தான் கேட்பேன். கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு முதல் சுண்டல். ஸ்டோரிலிருந்து என்று சொன்னால், இன்னொரு தரம் தேடச் சொல்லுவேன்.