சந்தனம் பூசிய நோட்டீஸ்

நான் எழுதிய காகிதம் ஒன்று மலாக்காவின் காஜா பேராங்கில் தெய்வமாகியிருந்தது. ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம்தான் அது எனக்குத் தெரிந்தது. என் வாடகை வீட்டிலிருந்து நாலாவது வீடு மீனாச்சியுடையது. அவள் பலகாரம் வைத்து அனுப்பிய தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனவன், கூடத்தில் முருகன் படத்துக்கும் மாரியம்மன் படத்துக்கும் நடுவில் கண்ணாடி போட்ட ஒரு காகிதத்தைக் கண்டேன். நான்கு மூலையிலும் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே மல்லிகைச் சரம். குனிந்து பார்த்தால் என் கையெழுத்து. முதல் வரி இது: “ஈ மொய்த்த பண்டத்தைக் குழந்தைக்குக் கொடாதே.”

நம் ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மீனாச்சி வீட்டார் மலாக்காச் செட்டிகள். மலாக்காச் செட்டிகள் என்பவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன் கப்பலில் வந்து இங்கேயே பெண் எடுத்துத் தங்கிவிட்ட வியாபாரிகளின் வாரிசுகள். சாமி நம்முடையது, பெயர் நம்முடையது, நெற்றியில் திருநீறும் நம்முடையது. பேச்சு மட்டும் மலாய். பெண்கள் கைலியும் கெபாயா என்ற நீளச் சட்டையும் அணிந்து, புளிக் குழம்பில் பெலாச்சான் என்ற இறால் விழுதைக் கரைப்பார்கள். நான் சுகாதார ஆபீசில் தலைமைக் கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்தபோது, அந்தந்த ஜனங்களுக்கு அவரவர் பாஷையில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும் என்று துரை உத்தரவு போட்டார். பாரத்தில் ‘பாஷை’ என்று ஒரு கட்டம். கோயில் இருக்கிறது, மீனாச்சி என்றும் வேலு என்றும் பெயர் இருக்கிறது, போய்ப் பார்ப்பானேன்? ‘தமிழ்’ என்று நிரப்பினேன். பிள்ளைகளின் ஆகாரம் பற்றிப் பன்னிரண்டு விதிகளை நல்ல தமிழில் எழுதி, என் கையெழுத்திலேயே கல்லச்சில் அடித்து, வீட்டுக்கு ஒன்றாக அனுப்பினேன். ‘செவ்வனே நிறைவேறியது’ என்று கோப்பையும் மூடினேன். முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் எழுதிய வேறு எதற்கும் இவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

“பாச்சா லா, மாமா கிராணி,” என்றாள் மீனாச்சி. படிக்கச் சொல்கிறாள். கோயிலில் மட்டுமே கண்ட எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று அவளுக்கு அத்தனை சந்தோஷம். மலாய் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் கணவன் வேலுவைக் கூப்பிட்டாள். நாலு வயது லெட்சுமியின் கைகளைப் பிடித்துக் கூப்ப வைத்தாள். மூவரும் தலை குனிந்து நிற்க, நான் தொடங்கினேன். “கக்கூஸ் போய் வந்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவு” என்ற இடத்தில் மீனாச்சி கண்ணை மூடிக்கொண்டாள். அதற்கு மேல் எனக்கு வாசிக்க வரவில்லை. என் மலாய் ஆபீஸ் மலாய். ஏவத்தான் தெரியும், சமாதானம் சொல்லத் தெரியாது. அதை வைத்துக்கொண்டு, இது மந்திரமல்ல, நான் எழுதிய சுகாதார நோட்டீஸ் என்று உள்ளதைச் சொன்னேன்.

வேலுதான் முதலில் சிரித்தான். அவர்களுடைய மலாயை என் தமிழில் தருகிறேன். “அடப் பாவமே! இத்தனை நாளா நாங்க கும்பிட்டது ஈயையா?”

மீனாச்சி சிரிக்கவில்லை. “டின் பாலைப் பத்தி இதுல இருக்கா, மாமா?”

ஐந்தாவது விதி. திறந்த டின்னை மூடாமல் வைக்காதே. மிஞ்சிய பாலை மறுவேளைக்குக் கொடாதே. சொன்னேன். அவள் அந்த வரி எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டச் சொன்னாள். காட்டினேன். போன மழைக்காலத்தில் அவளுடைய ஒன்றரை வயது மகன் ராஜு வாந்தியும் பேதியுமாக இரண்டே நாளில் போய்விட்டான். அந்த இரண்டு நாளும் இந்தக் காகிதத்தின் முன்தான் விளக்கேற்றி வைத்திருந்தார்கள். அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோப்பி குடிக்கிறீர்களா என்றுதான் கேட்டாள். திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன்; புகாருக்குப் பதில் எழுதிப் பழகியவன் நான்.

மறுநாளிலிருந்து அவள் அடுப்படிக்குப் போகத் தொடங்கினேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஓர் ஆண்பிள்ளை அடுத்த வீட்டுச் சமையலறையில் நுழைந்து பிள்ளைக்கு என்ன ஊட்டுகிறாய் என்று கேட்டால், அகப்பையால் பதில் கிடைக்கும். என் அம்மா மூடாத பானையிலிருந்து மோர் ஊற்றுவாள். ஈ விழுந்தால் எடுத்துப் போட்டுவிட்டு ஊற்றுவாள். அப்பா உட்பட எவரும் வாய் திறந்ததில்லை. இங்கே எனக்கு ஒரு முக்காலி போட்டார்கள். தண்ணீரைக் காய்ச்சி ஆற வைப்பது, மீனை வாங்கிய அன்றே சமைப்பது, லெட்சுமிக்கு நாளுக்கு ஒரு முட்டை, கொஞ்சம் கங்கோங் கீரை. மெலிந்து கிடந்த பிள்ளை மெல்லத் தேறினாள். தெரு முனையில் கடை வைத்திருந்த காசிம் ராவுத்தர் என்னைக் கண்டால் விடமாட்டார்.

“என்ன கிராணியாரே, பென்சன் வாங்கியும் ஈயை விடல போல? என் டின் பால் யாவாரத்தையும் சேத்து ஓட்டுறீங்களே!”

“வித்துட்டுப் போங்க ராவுத்தரே. கூடவே ஒரு மூடியும் வித்தா ரெண்டு யாவாரம்.”

“மூடி வாங்கினா ஈ எங்க போவும்? என் கடைக்குத்தான் வரும்!”

போகிக்கு ஒரு வாரம் இருக்கையில் லெட்சுமிக்கு மறுபடி பேதி கண்டது. கஞ்சியும் இளநீருமாக நிறுத்தினோம். ஆனால் போகியன்று இவர்கள் வீட்டில் முன்னோர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். நம் ஊர் முன்னோர்கள் காக்கை ரூபத்தில் வந்து ஒரு நொடியில் முடித்துக்கொள்வார்கள்; இங்குள்ளவர்கள் நிதானமாகச் சாப்பிடுகிறவர்கள். இலையில் கோழி, மீன், சம்பல், பழம் எல்லாம் வைத்து, சாம்பிராணி போட்டுவிட்டு வீட்டார் வெளியே போய்விட வேண்டும். புகை அடங்கியதும் உள்ளே வந்து, வீட்டின் கடைசிப் பிள்ளைக்கு முதல் வாய் ஊட்ட வேண்டும். ஒன்றரை மணி நேரம் திறந்து கிடந்த சோற்றை, பேதி நின்று மூன்று நாளான பிள்ளைக்கு.

கொடியில் தொங்கிய ஓலை மூடியை எடுத்துக் காட்டினேன். மீனாச்சி கூடாது என்று தலையாட்டினாள்.

“மூடினா அவங்க எப்படி மாமா சாப்பிடுவாங்க?”

“சரி, எடுத்த பிறகு ஒரு கொதி விட்டு...”

“எச்சில் இலைச் சோத்தை அடுப்பிலயா? கல்யாணமாகி வந்ததிலேர்ந்து இந்த வீட்டில அப்படிச் செஞ்சதில்ல.”

“பிள்ளைக்கு மட்டும் வேண்டாம் என்று வைத்தால்?”

அவள் குரல் இறங்கியது. “போன வருஷம் ராஜு கடைசிப் பிள்ளை. ஜுரம்னு அவனுக்கு ஊட்டல. அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும்.”

காலராவுக்கு, அம்மைக்கு, செத்த எலிக்கு, எல்லாவற்றுக்கும் எனக்கு நடைமுறை தெரியும். இதற்கு ஒரு பாரம் இல்லை. ஓலை மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் என்னையும் மூடியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீங்க எங்க வீட்டு ஆள் இல்லையே,” என்றாள். “உங்க முன்னால சாப்பிட அவங்களுக்கு மாலு இருக்காது. நீங்க உள்ள உட்கார்ந்து விசிறுங்க. சாம்பிராணியை நான் கொஞ்சமா போடுறேன், புகை சீக்கிரம் அடங்கிடும்.”

மாலு என்றால் கூச்சம். வேலு விசிறியை நீட்டினான். “கவர்மெண்ட் ஆளைப் பார்த்து எங்க தாத்தாவுக்குத் தொண்டை அடைக்காம இருந்தா சரி!”

மீனாச்சி சோப்புப் போட்டுக் கை கழுவி, சுடச்சுடப் பரிமாறி, சுண்டைக்காயளவு சாம்பிராணி போட்டுவிட்டு வெளியே போனாள். அந்நியர் வீட்டு முன்னோர்களோடு நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஏழு இலை. கடைசி இலை உள்ளங்கையளவு. அதன் மேல் சிறிய தகரக் குவளையில் டின் பால், மூடாமல். மற்ற ஆறு பேர் என்னை மன்னிக்க வேண்டும். நான் அந்த இலைக்குத்தான் அதிகம் விசிறினேன். ஓர் ஈகூட அந்தக் குவளையில் உட்காரவில்லை.

புகை அடங்கியது. மீனாச்சி லெட்சுமிக்கு முதல் வாய் ஊட்டினாள். சோறு இன்னும் சூடாகவே இருந்தது. பேதி திரும்புகிறதா என்று ஆபீஸ் வழக்கப்படி மூன்று நாள் எண்ணினேன். நாலாம் நாள் லெட்சுமி ராவுத்தர் கடைக் கோழியைத் துரத்திக்கொண்டு என் வாசலைத் தாண்டி ஓடினாள்.

பிறகு மீனாச்சி சொல்லச் சொல்ல மலாயில் ஒரு நோட்டீஸ் எழுதினேன். என் பன்னிரண்டு விதிகளை அவள் நான்காக்கினாள். ஒன்றிலும் குறை காண என்னால் முடியவில்லை. வேலு அச்சடித்தான். இப்போது அது தெருவிலுள்ள அடுப்படிகளில் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்குகிறது. எல்லோரும் படிக்கிறார்கள், எவரும் கும்பிடுவதில்லை. கூடத்திலுள்ள பழையதைக் கழற்றிவிடலாமே என்றேன்.

“அது இருக்கட்டும் மாமா. பாட்டன்மார் எழுத்து. ராஜு போனப்போ எங்களோட இருந்தது.”

ஆகையால் அந்த வீட்டுக் கூடத்தில் என் தமிழ், அடுப்படியில் என் மலாய். போகும்போதெல்லாம் இரண்டையும் கடந்துதான் முக்காலிக்குப் போகிறேன். போன வெள்ளிக்கிழமை மல்லிகைச் சரம் புதிதாயிருந்தது. கக்கூஸ் போய் வந்தபின் கை கழுவச் சொல்லும் அந்தக் காகிதத்தின் முன் நின்று, மீனாச்சி பக்கத்தில் இல்லாதபோதும், என் கைகள் குவிந்திருந்தன.