பன்னிரண்டு வோல்ட்டில் ஐயாயிரம்

மடிக்கணினித் திரையில் பச்சைக் கோடு ஐயாயிரம் வோல்ட்டுக்கு ஏறி நின்ற அந்தப் பின்நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு முதலில் வியர்வையும் பிறகு சிரிப்பும் வருகின்றன. கல்முனையில் ரேடியோ திருத்துகிறவன் நான். எங்கள் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினார் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர். தொண்டையில் சத்திரசிகிச்சை செய்த பிறகு அவருக்குக் குரல் எழும்பவில்லை. அன்று பின்நேர அஸர் பாங்கு கடற்கரை வரை கேட்காவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாக நிருவாகசபை சொல்லிவிட்டது. "மச்சான், இந்தப் பாங்கு மட்டும் என்ன விட்டுப் போகப்படாது" என்றார். மைக்குக்கும் அம்ப்ளிபயருக்கும் நடுவில் வைக்க ஒரு சின்னப் பெருக்கிப் பெட்டி செய்து பொருத்திக் கொடுத்தேன்.

பொருத்திவிட்டு வந்த பிறகுதான் அதைக் கணினியில் வரைந்து சோதித்தேன். குடிபுகுந்த பிறகு வீட்டுக்குப் படம் கீறுகிற ஆள் நான். அந்த மென்பொருளில் இருப்பது குறையே இல்லாத பெருக்கி. சூடாகாது, களைக்காது, எல்லை என்பதே கிடையாது. கூட்டாளி மேலிருந்த பாசத்தில் பத்து லட்சம் மடங்கு என்று வைத்திருந்தேன். மைக்கின் துளி மின்னழுத்தம் ஐயாயிரம் வோல்ட்டாகிவிட்டது. என் கண்ணுக்குள் மோதினார் மைக்கைப் பிடித்தபடி விறைத்து நின்றார். தொப்பி தனியாகப் பறந்தது.

சாரத்தை மடித்துக் கட்டி, கணினியும் கையுமாகப் பள்ளிவாசலுக்கு ஓடினேன். இறப்பர் செருப்பைக் கழற்றப் பயந்து வாசற்படியிலேயே நின்று கத்தினேன்: "மைக்கத் தொடாத மச்சான்! ஐயாயிரம் வோல்ட்! தொட்டா மௌத்து!"

தொழுகைக்குக் கை கால் கழுவி உளூச் செய்த ஈரக் கையோடு வந்தவர் பெட்டியை ஆறுதலாகப் பார்த்தார். "இதுக்குக் குடுத்திரிக்கிறது பன்னிரண்டு வோல்ட் பெட்டரி. மிச்சத்த ஆரு கொண்டு வந்து தாற, ஒண்ட மாமனாரா?"

குறையில்லாத சாமான் கேட்டதைக் கொடுக்கும், எங்கிருந்து என்று யோசிக்காது. படியில் உட்கார்ந்து கணினியில் பன்னிரண்டு வோல்ட் எல்லையைப் போட்டேன். அலை ஏறி, எல்லையில் முட்டி, தலை வெட்டுப்பட்டுத் தட்டையாக நின்றது. அப்போதுதான் உண்மையான ஆபத்து விளங்கியது. ஆளுக்கு ஒன்றும் ஆகாது, குரல்தான் செத்துப்போகும். என் பாசத்தை அப்படியே விட்டிருந்தால் கடற்கரைக்குத் தகரம் கிழிகிற சத்தம்தான் போயிருக்கும். பத்து லட்சம் மடங்கை ஆயிரம் மடங்காகக் குறைத்தேன். அலை முழுசாக வந்தது. பெட்டியின் திருகையும் அந்த அளவுக்கு இறக்கும்படி அவரிடம் சொன்னேன்.

"குறைச்சாக் கேக்குமா?"

"ஓம், குறைச்சாத்தான் கேக்கும்" என்றேன், படியை விட்டு நகராமல்.

பாங்கு சொன்னார். அவருடைய அதே குரல், பிசிறில்லாமல். முடித்ததும் மைக்கை நிறுத்த மறந்துபோய் என்னைப் பார்த்துக் கூப்பிட்டார்: "மச்சான், பயப்படாம உள்ள வா, நான் மௌத்தாகல்ல!"

கடற்கரையில் நின்ற நிருவாகசபைத் தலைவரிடமிருந்து உடனே அழைப்பு வந்தது. படியில் இருந்தபடியே என் கைபேசியை எடுத்தேன்.

"பாங்கும் கேட்டிச்சு, மத்ததும் கேட்டிச்சு. வேற ஆள் தேவல்ல."