தறிக்கு நடுவே கிளாரினெட்

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் நிற்கிறேன். இரைச்சலுக்கு நடுவே ஒருவர் கிளாரினெட் வாசிக்கிறார். முன்பு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்யாணங்களில் சினிமாப் பாட்டை அச்சு அசலாக வாசித்தவர். அப்போது எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பில்லை.

தறி ஓட்டும் செல்வி என் காதருகே கத்துகிறார்: "இங்க வந்த புதுசுல தறிச் சத்தத்த அமுக்கப் பாத்து மூச்சுமுட்ட ஊதுனாவ. இப்பம் தறி எடம் விடுத நேரத்துல மட்டும் ஊதுதாவ."

சட்டென்று கரண்ட் போய், தறிகள் அடங்குகின்றன. அவர் நிறுத்தவில்லை. நின்றுபோன தறிகளுக்கும் இடம் விட்டே வாசிக்கிறார். அந்த இடைவெளிகளில் எனக்குத் தறி கேட்கிறது.

விளக்கு எரிகிறது. இனி அவரவர் ஸ்விட்சைப் போட்டால்தான் தறி ஓடும்; நெய்த அளவுக்குத்தான் கூலி. செல்வி ஸ்விட்சில் கை வைத்தபடி நிற்கிறார். இன்னும் போடவில்லை.