கருப்பட்டி ஒட்டிய விரல்

தூத்துக்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருந்த ஆவுடையப்பன், தங்கை சங்கரம்மாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஓயமாட்டார். 1974இல் அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும், எலுமிச்சம்பழத்தில் குத்திக் குத்தி இன்சுலின் ஊசி போடப் பழகியவள் அவள்தான்.

கப்பலில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு மனுவேல், வெளிநாட்டிலிருந்து ரத்தம் சோதிக்கும் காகிதப் பட்டைகள் கொண்டுவந்து கொடுத்திருந்தார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் பட்டை நீலமாகும். நீலம் கறுக்கக் கறுக்கச் சர்க்கரை அதிகம்.

ஒருநாள் மத்தியானம் கடையிலிருந்து வந்ததும் வராததுமாக ஆவுடையப்பன் விரலை நீட்டினார். பட்டை கருநீலமாகிவிட்டது.

"ஏளா, ஊசியில ரெண்டு கோடு கூட்டிப் போடு" என்றார் பதறிப்போய்.

மருந்தை ஏற்றப் போன சங்கரம்மாள் நின்றாள். அவர் விரலில் ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கடையில கருப்பட்டிய உடைச்சுக் காட்டிட்டுக் கையக் கழுவுனியளா?"

"வேட்டியில தொடச்சேம்லா."

"நல்லா தொடச்சிய! பட்டை காட்டுதது உங்க சர்க்கரைய இல்ல, உடன்குடிக் கருப்பட்டிய."

சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, வேறு விரலில் குத்தினாள். பட்டை எப்போதும்போல இளநீலமாகத்தான் இருந்தது. மருந்தைக் கூட்டியிருந்தால் சர்க்கரை அடியோடு இறங்கி அவர் மயங்கிச் சாய்ந்திருப்பார்.

சாயங்காலம் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் ஆவுடையப்பன் சொன்னார்: "எந்தங்கச்சி மட்டும் இல்லன்னா, நீங்க இன்னைக்குக் கருப்பட்டி வாங்கவா வந்திருப்பிய? எஞ்சாவுக்குத் துட்டி கேக்கல்லா வந்திருப்பிய!"