பெற்றவளுக்கு எடுத்துவைத்த மீன்

ராஜபாயின் மீன்கடையில் இரண்டு பெட்டிகள் உண்டு. ஒன்று எல்லோருக்கும். மற்றது பிள்ளை பெற்றவளுக்கு. குளச்சல் ஏலத்தில் கைநீளச் சுறா கிடைத்தால் அதை யார் கண்ணிலும் காட்டமாட்டாள். இரண்டாவது பெட்டியில் ஐஸுக்கடியில் போய்விடும். பேறுகாலம் நெருங்கும்போதே வீட்டுக்காரர்கள் வந்து சொல்லிவைப்பார்கள். சுறாவை வேகவைத்து உதிர்த்து, பூண்டு தட்டிப்போட்டு வதக்கிக் கொடுத்தால் தாய்ப்பால் ஊறும் என்பது இரணியல் பக்கத்தில் யாரும் கேள்வி கேட்காத விஷயம்.

வேலைக்கென்று போன புருஷன் திரும்பி வராததால் மீன் சுமக்க வந்தவள் அவள். ஆரம்பத்தில் பெயர் சொல்லிக்கூட யாரும் கூப்பிட்டதில்லை. அந்தப் பெட்டிதான் மரியாதை தந்தது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைக் காட்டி, "இது உங்க சுறாவில வளந்ததாக்கும்" என்பார்கள் தாய்மார்.

சந்தையில் மீன் சோதனைக்கு வந்த அதிகாரிகள் அந்தப் பெட்டியிலிருந்தும் ஒரு சுறாவை எடுத்துப்போனார்கள். மூன்று வாரம் கழித்து அவர்களில் ஒருவர் மட்டும் வந்து, குனிந்து, ரகசியம் போலச் சொன்னார். சுறாவில் பாதரசம் அளவுக்குமேல் இருக்கிறது. கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவளுக்கும் கொடுக்கக்கூடாது. குழந்தையின் மூளைக்குக் கெடுதல்.

"அப்போ இதை ஆசுபத்திரியில சொல்லப்பிடாதா சார்? பெத்ததுவ எல்லாம் அங்கதானே வருது."

"வெளிய சொன்னா எந்த மீனும் விக்காதும்மா. உங்க பொழப்புதான் போவும். மேல இருந்து உத்தரவு வரட்டும்."

ராஜபாய்க்கு உச்சந்தலைவரை எரிந்தது. தின்றவளிடம் சொல்லாமல் விற்றவளிடம் சொல்லிவிட்டுப் போகிறான். கடலில் அந்தப் பாதரசத்தைக் கொண்டுவந்து சேர்த்தவன் எவன் என்றும் சொல்லவில்லை. இந்த மூன்று வாரத்தில் மட்டும் அவளிடம் வாங்கிப்போன முகங்கள் ஒவ்வொன்றாய் நினைவில் வந்தன. பெட்டியில் மிச்சமிருந்ததை அன்றைக்கே குழிவெட்டிப் புதைத்தாள்.

சனிக்கிழமை சத்தியபாய் வந்தாள். மகள் ஜெப்சி பெற்றுக் கிடந்தாள். பிள்ளைக்குப் பால் போதவில்லை.

"அக்கா, சொல்லிவச்ச சுறா எங்க?"

"இனி தரமாட்டேன் மக்கா. அதில விஷமாம். சோதிச்சவனே வந்து சொன்னான். சாளை மீனு கொண்டுபோ."

"ஆருக்கு ஒளிச்சு வச்சிருக்கிய? அடுத்த வீட்டு அஞ்சலி பெத்தப்போ குடுத்தியளே. எனக்க மொவளுக்கு மட்டும் விஷமா?"

"அஞ்சலிக்குக் குடுத்ததை நெனச்சுதான் எனக்கு ஒறக்கம் இல்ல."

சத்தியபாய் விருட்டென்று அடுத்த கடைக்குப் போனாள். கடைக்காரன் முருகதாஸ் இரண்டு சுறாவைப் பையில் போட்டுக்கொண்டே சிரித்தான். "கெழவிக்கு இன்னைக்குச் சரக்கு கெடைக்கல்ல. அதான் கதை விடுதா."

ராஜபாய் எழுந்துபோய் அந்தப் பையைப் பிடுங்கிச் சாக்கடையில் கவிழ்த்தாள். சத்தியபாய் தலையிலடித்து அழுதாள். கூட்டம் கூடியது. சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்த குமாரதாஸ் ஓடிவந்தார்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? நீ வாயத் தொறந்தா நாளைக்கு இங்க நாய்கூட வராது."

"வராண்டாம் அண்ணாச்சி. ஒம்ம மருமவ முழுவாம இருக்கால்லா? ரெண்டு சுறா வாங்கிட்டுப் போயி அவளுக்குக் குடும்."

அவர் சந்தை வாசலைக் கைகாட்டினார். "இனி ஒனக்கு இங்க எடம் இல்ல. பெட்டியத் தூக்கு."

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில், யாரும் சுற்றிப்போக முடியாத இடமாகப் பார்த்து, ராஜபாய் சாளைச் சட்டியோடு உட்கார்ந்தாள். வருகிற ஒவ்வொருத்தியிடமும் சுறாவைப் பற்றிச் சொன்னாள். சிலர் முகம் சுளித்தார்கள். சிலர் நின்று மறுபடி கேட்டார்கள். பிள்ளைக்கு எடை பார்க்க வந்த ஜெப்சி, தாய் கையைப் பிடித்து இழுத்தும் நகரவில்லை.

"அப்போ பாலுக்கு என்ன செய்ய மாமி?"

"அதை உள்ள டாக்டரிட்ட கேளு மக்கா. சுறாவ மட்டும் தொடாத."

உள்ளேயிருந்து ஊழியர் ஒருவர் வந்தார். "இங்க மீன் விக்கப்பிடாது. எழும்புங்க."

"நான் சொல்லதை நீங்க சொல்லுங்க. அப்போ எழும்புதேன்" என்றாள் ராஜபாய். நிறைவயிற்றைப் பிடித்தபடி ஆட்டோவிலிருந்து ஒருத்தி இறங்கிக்கொண்டிருந்தாள். ராஜபாய் அவளைப் பார்த்துக் கையசைத்தாள்.