எல்கடுவைக்கு ஏறி வராத பஸ்

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது மடு மாதா திருவிழாவுக்கு நாங்கள் போன அந்த யாத்திரையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. மாதா மன்னிக்க வேண்டும்.

யாத்திரைக்கு மூன்று பஸ்கள். மூன்றையும் பேசிப் பிடித்தவர் என் சின்னம்மா. பங்குக் கமிட்டி என்று ஒன்று மாத்தளை டவுனில் இருக்கத்தான் செய்தது. அது கூட்டம் போட்டு, பிளேன்டீயும் பணிஸும் சாப்பிட்டு, எல்லாம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டுக் கலைந்தது. பஸ்காரர்களோடு சிங்களத்தில் பேசியதும், மடுவில் கூடாரம் அடிக்க இடம் பிடித்ததும், சமையலுக்குக் கிடாரம் தேடியதும் சின்னம்மாதான். கமிட்டித் தலைவருக்கு டவுனில் துணிக்கடை. சின்னம்மா அந்தக் கடையில்தான் சாரி மடித்து விற்கும் வேலையில் இருந்தார். அதனால் அவரிடம் வேலை சொல்வது தலைவருக்குச் சுலபமாக இருந்தது.

இரண்டு பஸ்கள் டவுன்காரர்களுக்கு. மூன்றாவது, மலைமேல் இருக்கும் எல்கடுவைக்கு ஏறி வந்து எங்களை ஏற்ற வேண்டும். எங்கள் தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆனால் மடு என்றால் லயத்து வரிசை வீடுகளில் யாரும் மதம் பார்ப்பதில்லை. மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கும் பக்கத்து வீட்டு அக்கா, பல வருடம் கழித்துப் பிறந்த தன் பிள்ளையை மாதாவின் காலடியில் கிடத்துவதாக நேர்ந்திருந்தார்.

விடியும் முன்பே பாய், பாத்திரம், பிள்ளை குட்டிகளோடு சந்தியில் நின்றோம். வெயில் ஏறியது. பஸ் வரவில்லை. சின்னம்மா தலைவருக்குப் போன் எடுத்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ரோடு சரியில்ல புள்ள, பஸ் மேல ஏறாதாம். கொழும்புலருந்து எங்க சொந்தக்காரங்களும் வந்துட்டாங்க. நாங்க அலுவிகாரைய தாண்டிட்டோம். தோட்டத்து ஆளுங்கள அடுத்த வருஷம் பாப்போம்."

அந்த ரோட்டில் அரசாங்க பஸ் தினமும் ஏறி இறங்குகிறது! தலைவரின் சொந்தக்காரர்களைக் கண்டதும்தான் அது கெட்டுப்போனது.

அக்கா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்னம்மா உட்காரவில்லை. சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா, தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றிவர லொறியை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பின்கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்க தங்கச்சி. அவங்க பஸ்ஸ சாப்பாட்டுக்கு எங்கயாவது நிப்பாட்டத்தானே வேணும்."

"நாவுலயில நிப்பாட்டுவாங்க நானா. நான்தான் எடம் சொல்லியிருக்கேன்" என்றார் சின்னம்மா.

நாவுலையில் மூன்று பஸ்களும் மரநிழலில் நின்றன. எங்களுக்கென்று பேசிய பஸ்ஸின் ஜன்னலோரங்களில் கொழும்புச் சொந்தங்கள் கறுப்புக் கண்ணாடி போட்டு அமர்ந்திருந்தார்கள். தலைவர் கையில் சாப்பாட்டுப் பார்சலோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஆ, வந்துட்டீங்களா! மாதா யாரயும் கைவிடமாட்டா. அப்படியே லொறியிலயே வாங்களேன்."

"லொறி தம்புள்ளையோட நிக்கும் மொதலாளி. இது எங்களுக்குப் பேசின பஸ்" என்றார் சின்னம்மா.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "திருநா முடிஞ்சு கடைக்கு வரணும்ல? யோசிச்சுப் பேசு."

சின்னம்மா நேரே போய், அந்த பஸ்ஸின் முன்னால் தரையில் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு அக்கா, பிறகு லொறியில் வந்த எல்லோரும். திருநீறு பூசிய நெற்றிகளோடு அவர்கள் மந்திரத்தைத் தப்பும் தவறுமாகச் சொன்னார்கள். சத்தத்தில் மட்டும் குறை வைக்கவில்லை. சின்னம்மா என் கையைப் பிடித்திருந்தார். வலிக்கும் அளவுக்கு இறுக்கமாக. கோபம் என்று நினைத்தேன்.

பஸ் டிரைவர் இறங்கி வந்து சிங்களத்தில் விசாரித்தார். சின்னம்மா சொன்னதைக் கேட்டுவிட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தன்னை எல்கடுவைக்குத்தான் பேசினார்கள், இந்த ஆட்கள் ஏறாமல் பஸ் நகராது என்று தலைவரிடம் முகத்துக்கு நேரே சொன்னார். கறுப்புக் கண்ணாடிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, மற்ற இரண்டு பஸ்களிலும் நெருக்கியடித்து ஏறின. சொந்தக்காரர்களுக்கு இடம் கொடுத்துவிட்ட தலைவருக்கு, மடு வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பாக்கியம் கிடைத்தது.

அக்கா நேர்த்தியை நிறைவேற்றினார். பிள்ளை மாதாவின் முன்னால் வீரிட்டு அழுதது. அன்று மாலை கூடாரத்தில், இத்தனை பேரையும் பத்திரமாகக் கூட்டி வந்ததற்காகத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். சின்னம்மாவைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"போய்ச் சொல்லுங்க சின்னம்மா, நீங்கதான் எல்லாம் செஞ்சீங்கன்னு!"

"விடு. நம்ம ஆளுங்க எல்லாம் வந்து சேந்துட்டாங்கல்ல" என்றார்.

ஊர் திரும்பிய பிறகு சின்னம்மா கடைக்குப் போகவில்லை. எனக்குப் பள்ளி விடுமுறை; அவருக்கும் விடுமுறை என்றிருந்தேன். தினமும் எனக்குத் தலை பின்னிவிட்டார், கதை சொன்னார். அம்மாவும் அப்பாவும் மட்டும் அடுப்படியில் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் மாலை ஜெபத்தில், சின்னம்மாவுக்கு இவ்வளவு பெரிய லீவு வாங்கிக் கொடுத்ததற்காக மடு மாதாவுக்கு நான் சத்தமாக நன்றி சொன்னேன். அம்மா சட்டென்று அப்பாவைப் பார்த்தார்.

பக்கத்தில் முழந்தாளிட்டிருந்த சின்னம்மாதான் முதலில் "ஆமென்" என்றார்.